கோப்பிக் கடைச் சுவரில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்

இன்று காலை கோப்பிக் கடைச் சந்துக்குள் திரும்பியதும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. பெயிண்ட், அதோடு தின்னர், இரண்டையும் மீறிக்கொண்டு பக்கத்து ஒட்டுக்கடையில் பொரியும் வாழைப்பழத்தின் எண்ணெய் மணம். ஓவியர் ஐடா ஏணியின் உச்சியில் உட்கார்ந்து, சுவர் ஓவியத்தில் வெயிலுக்கு வெளிறிப்போன சட்டைகளுக்குப் புதுச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் கோப்பிக் குவளையோடு நடுச் சந்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால், "ஏய், பின்னால காடி வருது, ஓரமா நில்லு" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருப்பாய். இன்று ஒரு மோட்டார் சைக்கிள்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் நான் நகர்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டதே கிடையாது. நீ குரல் பதிவு அனுப்புகிறவள். அதுவும் சிவப்பு விளக்கில் நிற்கும்போது பேசத் தொடங்குவாய். பக்கத்தில் ஓட்டப் பழகுகிற ஆள், "பச்ச விழுந்திருச்சி டீச்சர், போலாமா?" என்று கெஞ்சுவதும் பதிவில் சேர்ந்தே வரும்.

நம் பழக்கம் தொடங்கியதும் காருக்குள்தான். என் கணவருக்கு எல்லை தாண்டி, சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் கிளம்பி, இருட்டிய பிறகுதான் திரும்புவார். மகளை டியூஷனுக்குக் கொண்டுபோய்விட ஆளில்லை. நாற்பதைத் தாண்டிய வயதில் பயந்துகொண்டே ஓட்டுநர் பள்ளிக்குப் போன் செய்தேன். யாரோ ஓர் ஆண் வருவார் என்று வாசலில் நின்றால், கூலிங் கிளாஸும் முழுக்கைச் சட்டையுமாக, என் வயதுக்காரியான நீ வந்து இறங்கினாய். செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, லாரி ஓட்டக் கற்று, பிறகு ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. அன்று முச்சந்தியில் நான் ஓட்டிய கார் நின்றுபோனது. பின்னால் வரிசையாக ஹாரன். எனக்குக் கண்ணீர் முட்டியது. நீ ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "கத்துக்கிறாங்கலா! நீங்கல்லாம் பொறக்கும்போதே காடி ஓட்டிட்டா வந்தீங்க?" என்றாய். ஹாரன் அடங்கியது. நான் அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

லைசன்ஸ் கிடைத்த அன்றைக்கே என்னைச் சங்கத்தில் சேர்த்துவிட்டாய். "லைசன்ஸ் இருக்கு, காடியும் இருக்கு. அரிசி மூட்ட ஏத்திட்டுப் போக ஆள் இல்லாம தவிக்கிறோம். வந்துரு." சேவைச் சங்கத்தில் நான் உறுப்பினரானதற்கு வேறு எந்தத் தகுதியும் பார்க்கப்படவில்லை. அதற்குப் பிறகு நீ எங்கே போனாலும் உனக்கு ஓரடி பின்னால் நானும் போனேன். நீ கேட்பாய், நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். மளிகைக்காரரிடம் அரிசி, மருத்துவரிடம் இலவச முகாமுக்கு ஒரு நாள், பள்ளிக்கூடத்திடம் மண்டபம் என்று எதையும் நீ கூசாமல் கேட்டாய். வாய் திறந்து கேட்கும் வேலையை எனக்கு நீ கொடுத்ததுமில்லை, நானாக எடுத்துக்கொண்டதுமில்லை.

அந்த ஆண்டுகளில்தான் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம் பழைய கடைத்தெரு மெல்ல மெல்ல உயிரை விட்டுக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் பேரங்காடி வந்தது. ஜனம் அங்கே போனது. இளசுகள் சிங்கப்பூருக்குப் போனார்கள். நகைக்கடையின் இரும்புக் கதவு ஒருநாள் இறங்கியது, திரும்ப ஏறவே இல்லை. பிறகு போட்டோ கடை, பிறகு தையல் கடை. காலியான மாடிகளை, சூப்புக்குக் குருவிக்கூடு விற்கும் வியாபாரிகள் எடுத்துக்கொண்டார்கள். குருவிகளை வரவழைக்க ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தை ஓடவிட்டிருப்பார்கள். கீழே மனிதக் குரல் குறையக் குறைய, மேலே அந்தக் கீச்சொலிதான் தெருவை நிறைத்தது. மத்தியானத்தில் அங்கே நடந்தால் ஏதோ காட்டுக்குள் நடப்பது போலிருக்கும்.

நீ சங்கத் தலைவியான ஆண்டு, டயர் கடை மாடியில் நடந்த முதல் கூட்டத்திலேயே குண்டைத் தூக்கிப் போட்டாய்.

"வருஷா வருஷம் அரிசி குடுக்குறோம், சக்கர நாற்காலி குடுக்குறோம். நல்ல காரியம்தான், நிறுத்த வேணாம். ஆனா நம்ம தெரு செத்துக்கிட்டு இருக்கே, அத யாரு பாக்கிறது? ஆளுங்க திரும்ப இந்தப் பக்கம் வரணும். சுவத்துல படம் வரைவோம்."

உதவித் தலைவர் கோவிந்தன் அண்ணனுக்குப் போலீஸிலிருந்து ஓய்வு பெற்றும் போலீஸ் குரல் ஓய்வு பெறவில்லை. மேசையைத் தட்டினார். "என்னம்மா பேசறீங்க? பசிக்கிறவனுக்குச் சுவரு சோறு போடுமா?"

"போடும் அண்ணே. கொஞ்சம் மெதுவாப் போடும்," என்றாய் நீ.

அன்றைக்கு நடந்த வாதத்தில் டயர் கடைக்காரரே மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்தார். கடைசியில், சோதனைக்கு ஒரே ஒரு சுவர் என்று முடிவானது. அது பலிக்காவிட்டால் அடுத்த ஆண்டு நீ தலைவி பதவிக்கு நிற்கக் கூடாது என்று கோவிந்தன் அண்ணன் ஒரு நிபந்தனையும் போட்டார். நீ சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாய். மாடிப்படி இறங்கும்போதுதான் என் கையைப் பிடித்து, "அலமாக், வாய விட்டுட்டேன் போலிருக்கே," என்றாய். உனக்கும் பயம் வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நீ கண் வைத்திருந்தது மூலைக் கோப்பிக் கடையின் பக்கச் சுவர். அந்தக் கடை ஆ கியோங் அங்கிளுடையது. தோட்டத்து ஆட்களுக்கே காலமெல்லாம் கோப்பி ஆற்றியவர் என்பதால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். நீ விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கையை உதறினார்.

"வேணாம், வேணாம். கோப்பி குடிச்சிட்டுப் போங்க. புள்ளைங்க எல்லாம் மெல்பர்ன்ல. கடைய வித்துட்டு வந்துருங்கன்னு தெனம் சொல்றாங்க. விக்கப்போற கடைக்கு எதுக்கும்மா படம்?"

எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து போய்விடத் தோன்றியது. நீயோ இன்னொரு கோப்பி சொன்னாய். அது வந்து, ஒரு வாய் குடித்த பிறகு கேட்டாய்: "அங்கிள், பழைய காடிய விக்கும்போது கழுவாமயா காட்டுவீங்க?"

அவர் கல்லாவில் தாளம் போட்டுக்கொண்டு உன்னையே பார்த்தார். பிறகு அவருடைய தொப்பை குலுங்கத் தொடங்கியது. "நீ என் பொஞ்சாதிக்கு லைசன்ஸ் வாங்கிக் குடுத்தவ. உன்கிட்டப் பேசி நான் ஜெயிக்க முடியுமா?" என்று சுவரைக் கொடுத்தார்.

ஐடாவைக் கண்டுபிடித்ததும் நீதான். பெர்மாஸ் ஜெயாவில் ஒரு பல் மருத்துவமனையின் சுவரில் அவள் மீன்கள் வரைந்திருந்ததைப் பார்த்து, உள்ளே போய் நம்பர் வாங்கி வந்தாய். அவள் முதலில் காட்டிய மாதிரிகளில் சைக்கிள் ஓட்டும் குழந்தைகளும், ஜன்னலில் பூனையும், பாய்கிற புலியும் இருந்தன. நீ ஒவ்வொன்றாகப் பார்த்தாய். மலாயில் பக்குவமாகத்தான் சொன்னாய்: "அழகா இருக்கு. ஆனா இதெல்லாம் எல்லா ஊர்லயும் இருக்கே, தங்கச்சி."

"அப்படீன்னா இந்த ஊர்ல என்னதான் இருக்குன்னு சொல்லுங்க, வரைஞ்சிடுறேன்," என்றாள் அவள்.

சொல்லிக்கொள்ளும்படி மலையா, கடலா, கோட்டையா, என்ன இருக்கிறது நமக்கு? சுற்றிலும் செம்பனை, நடுவில் ஒரு கடைத்தெரு. கோப்பிக் கடைக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். முடிதிருத்தும் செல்வம் அண்ணன் மீசையை நீவியபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாசி லெமாக் சோறு விற்கும் காக் யா, காலிப் பாத்திரங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். கடிகாரம் பழுது பார்க்கும் சீனப் பெரியவர், பண்டார் தெங்காராவுக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார். நீ அவர்களைக் கையால் காட்டினாய். "இவங்கதான் இருக்காங்க. இவங்கள வரை. இருக்கிற மாதிரியே வரை. பஸ்ஸுக்கு நிக்கட்டும்."

ஆளுயரத்தில், இன்றைக்கு உயிரோடு இருக்கிற ஆட்கள் சுவரில் வரிசையாக நிற்கப்போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் ஊர் ஒரு ஆட்டம் ஆடியது. செல்வம் அண்ணன் மீசைக்கு மை பூசிக்கொண்டு வந்தார். காக் யா ஹரி ராயாப் பெருநாளுக்கு எடுத்த துடோங் முக்காட்டைக் கட்டிக்கொண்டு வந்து, "இந்தக் கலர்தான் வேணும்" என்று அடம்பிடித்தார். என்னையும் குடையோடு வரிசையில் நிறுத்தினாய். "நீ?" என்று கேட்டதற்கு, "நான் நின்னா மத்தவங்களுக்கு எடம் பத்தாது" என்று இடுப்பைத் தட்டிக் காட்டிவிட்டு நழுவினாய்.

சுவர் முடிந்தபோது எவ்வளவு அழகாக இருந்தது! மாலை வெயிலில் அவர்கள் எல்லாரும் நிஜமாகவே பஸ்ஸை எதிர்பார்த்து நிற்பது போலிருந்தது. திறப்புவிழாவுக்கு நாள் குறித்தோம். அதற்குள் ஆண்டுக் கடைசி மழை பிடித்துக்கொண்டது.

நிற்காமல் பெய்து ஓய்ந்த ஒரு காலையில் ஆ கியோங் அங்கிள் போன் செய்தார். நாம் ஓடினோம். சுவரெங்கும் பெயிண்ட் அப்பளம் போல உப்பிப் பொரிந்து, செதில் செதிலாகத் தரையில் கிடந்தது. காக் யாவின் துடோங் பாதி போயிருந்தது. கடிகாரக்காரருக்கு ஒரு கன்னமே மிச்சம். என் குடை பறந்தே போய்விட்டது. செல்வம் அண்ணனுக்கு மட்டும் முகம் முழுசாக இருந்தது, மீசையைத் தவிர.

ஐடா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பழைய செங்கல் சுவர் அடியிலிருந்து ஈரம் குடிக்கிறது, உள்ளே காலங்காலமாக அடித்த சுண்ணாம்பு உதிர்கிறது, அதைச் சுரண்டி எடுக்காமல் மேலே வரைந்தது தப்பு என்று அழுதாள். அதற்குள் கோவிந்தன் அண்ணன் சங்கத்து வாட்ஸ்அப்பில் படத்தைப் போட்டு, அடியில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "சுவர் சோறு போட்டுவிட்டது."

நான் உன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். நீ மீசையில்லாத செல்வம் அண்ணனின் முன்னால் போய் நின்றாய். உன் தோள் குலுங்கியது. அழுகிறாய் என்று நினைத்து ஓடி வந்தேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாய். "பாருலா, மீச இல்லாம சின்னப் புள்ள மாதிரி இருக்காரு!" ஐடாவும் அழுதபடியே சிரிக்கத் தொடங்கினாள்.

சரியாக அந்த நேரத்தில் நிஜ செல்வம் அண்ணன் வந்து சேர்ந்தார். கழுத்தில் கடைத் துண்டு, கையில் சீப்பு. யாருக்கோ முடி வெட்டுகிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். "என் மீச எங்க? ஊரெல்லாம் கேக்குறான். மானம் போச்சு எனக்கு!" என்று குதித்தார்.

நீ தரையிலிருந்து எழுந்து, ஐடாவின் பையிலிருந்த சுரண்டியை எடுத்து அவர் கையில் வைத்தாய். "அடியில இருக்கிற சுண்ணாம்ப எடுத்தாதான் மீச திரும்ப வரும் அண்ணே. ஞாயித்துக்கிழம கட லீவுதானே? வாங்க."

அவர் சுரண்டியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "என் பக்கத்த மட்டுந்தான் சுரண்டுவேன்," என்றார் முறைப்பாக.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். செல்வம் அண்ணன் தன் மீசைக்காக வந்தார். காக் யா துடோங்குக்காக, மகள்கள், மருமகனோடு வந்தார். கடிகாரக்காரர் ஒரு கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியோடு வந்து செங்கல் இடுக்குகளைக் கிளறினார். தன் முகம் உரிந்துபோனதைச் சும்மா விட யாருக்கும் மனமில்லை. அழகாக இருந்தவரை அது சங்கம் வரைந்த படமாகத்தான் இருந்தது. உரிந்த பிறகு அது அவரவர் முகமாகிவிட்டது. சுவரில் இல்லாதவர்களும், "அடுத்த தடவ என்னையும் சேப்பீங்களா?" என்று கேட்டுக்கொண்டு வாளி தூக்கினார்கள். ஆ கியோங் அங்கிள் கோப்பி ஆற்றி ஆற்றிக் கை ஓய்ந்துபோனார். கடைசியாக, பழைய அரைக்கால் சட்டையில், சொந்தச் சுரண்டியோடு கோவிந்தன் அண்ணன் வந்து நின்றார்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார்.

"சொன்னீங்க அண்ணே. அந்த மேல் மூல உங்களுக்குத்தான் எட்டும்," என்றாய்.

அவர் ஏணியில் ஏறினார். அந்தத் தெருவில் அத்தனை பேர் பேசிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. மாடியில் குருவிச் சத்தம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒருவர் காதிலும் விழவில்லை. சுண்ணாம்புப் பொடியில் எல்லார் தலையும் நரைத்திருந்தது. நீ சந்தின் நடுவில் நின்று, வருகிற கார்களைக் கைகாட்டித் திருப்பி விட்டுக்கொண்டிருந்தாய்.

சுவரைக் காயவிட்டு, பூசி, மறுபடி காயவிட்டு, சீனப் புத்தாண்டுக்குப் பிறகு ஐடா இரண்டாம் முறை வரைந்தாள். இந்த முறை வரிசை சந்தின் கோடி வரைக்கும் நீண்டது. அந்த வரிசையின் நடுவே ஓர் ஆள் நிற்குமளவு இடம் விடச் சொன்னாய், வருகிறவர்கள் நின்று படமெடுத்துக்கொள்ள. எடுத்துக்கொண்டார்கள். சிங்கப்பூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். படமெடுத்தவர்களுக்குத் தாகம் எடுத்தது, பசித்தது. மூடிக்கிடந்த நகைக்கடையில் ஒரு பெண் கேக் கடை திறந்தாள். சந்து முனையில் செண்டோல் பானம் விற்கும் வண்டி வந்தது. எல்லாம் பொன்னாக மாறிவிட்டது என்று உன்னிடமே நான் கதை விட முடியாது. மிச்சமிருந்த துணிக்கடை அப்புறமும் மூடத்தான் செய்தது, அன்றைக்கு நீயும் அழுதாய். ஆனால் சனிக்கிழமைகளில் கார் நிறுத்த இடம் தேட வேண்டியதாயிற்று. கோவிந்தன் அண்ணன் தொப்பி போட்டுக்கொண்டு வழிகாட்டியாகிவிட்டார். பாதி உண்மையும் பாதிக் கற்பனையும் கலந்து அவர் சொல்லும் வரலாற்றில், சுவர் யோசனையே அவருடையதுதான். நீ கூட்டத்தின் பின்னால் நின்று கை தட்டுவாய். ஆ கியோங் அங்கிள், "அடுத்த வருஷம் வித்துருவேன்" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன மாதம் புது மேசைகள் வாங்கிப் போட்டார்.

இந்த ஆண்டு தைப்பூசம் முடிந்த வாரம், பாடம் முடித்து வீட்டுக்கு வந்து, காரை நேராக நிறுத்தி, கை பிரேக் போட்டுவிட்டு நீ போய்விட்டாய். இதயம் என்றார்கள். முன்னால் எந்த அறிகுறியும் இல்லையாம். எனக்கு அன்று காலை கூட ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாய். மீன் விலையைப் பற்றி.

உன் இறுதி ஊர்வலத்தைச் சொல்ல வேண்டும். நீ பார்த்திருந்தால் உனக்கே பெருமையாக இருந்திருக்கும். பள்ளியின் பழகு வண்டிகள் எல்லாம் முன்னால் போயின. பின்னால் உன்னிடம் ஓட்டக் கற்றவர்கள், லாரிக்காரரிலிருந்து டாக்டர் வரை. ஒருவரும் முந்தவில்லை. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் எல்லா வண்டிகளும் வெகு முன்னதாகவே சிக்னல் போட்டன. முச்சந்தியில் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்ட போலீஸ்காரர் சல்யூட் அடித்தார். அவரும் உன் மாணவர்தான் என்று கோவிந்தன் அண்ணன் பிறகு சொன்னார். இதை அவர் கற்பனையில் சொல்லவில்லை, நான் விசாரித்துவிட்டேன்.

கருமாதி முடிந்து நடந்த சங்கக் கூட்டத்தில், படமெடுக்க விட்ட அந்த இடத்தில் உன்னை வரைந்துவிடலாம் என்று கோவிந்தன் அண்ணன் தழுதழுத்துச் சொன்னார். எல்லார் கையும் உயர்ந்தது. என் கை உயரவில்லை. எழுந்து நின்றேன். சங்கத்தில் சேர்ந்ததிலிருந்து நான் எழுந்து பேசியதில்லை என்பதால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேணாம் அண்ணே. அவ எங்கிட்டச் சொல்லியிருக்கா," என்றேன்.

நீ சொன்னது அவர்களுக்குத் தெரியாது. இரண்டாம் முறை வரைந்தபோது, இந்த முறையாவது நில் என்று நான் வற்புறுத்தினேன். இடுப்பைத் தட்டிக் காட்டும் விளையாட்டை விட்டுவிட்டு, முதல் முறையாக நிஜக் காரணத்தைச் சொன்னாய்: "நான் சுவத்துல நின்னுட்டேன்னா, அடுத்த சுவத்த யாரு போய்க் கேக்கிறது?"

அதைக் கூட்டத்தில் சொன்னேன். கோவிந்தன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சரிம்மா. இப்ப யாரு போய்க் கேக்கப் போறா?"

"நான் போறேன்," என்று சொன்னது என் குரல்தான்.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் மரச்சாமான் கடை இருக்கிறதே, அதன் நீளச் சுவரைத்தான் கேட்கப் போனேன். கடைக்கார அம்மாவைத்தான் உனக்கே தெரியுமே, சிரித்தால் விலை குறைத்துவிட வேண்டியிருக்கும் என்று சிரிக்கவே மாட்டார். முதல் நாள் கடை வாசல்வரை போய்விட்டு, ஒரு முக்காலியை விலை கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். மறுமுறை சொல்ல வந்ததைச் சொன்னேன். அவர் முடியாது என்றார். இரண்டு கால்களும் வாசலை நோக்கித் திரும்பின. வலுக்கட்டாயமாக அவற்றைத் திருப்பி, அவர் விற்பனைக்கு வைத்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். சுவரைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. முழங்கால் வலி, மருமகள், ஆள் கிடைக்காத கஷ்டம் என்று அவர் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படியே சில வாரங்கள்.

இன்று மத்தியானம், இந்த மடலைப் பாதியில் வைத்துவிட்டு மறுபடி போனேன். அவரே என்னைப் பின்பக்கம் அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினார். "அடியில ஈரம் இருக்கு. மொதல்ல அதச் சரி பண்ணுங்க. அப்புறம் என்ன வேணாலும் வரைஞ்சிக்குங்க," என்றார் மலாயில்.

இப்படி யாராவது சரியென்று சொல்லும்போது நன்றி சொல்வது எப்போதும் உன் வேலை. பழக்கத்தில் உன் பக்கம் திரும்பினேன். அங்கே அடுக்கி வைத்த நாற்காலிகள்தான் இருந்தன. அதனால் நானே சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அந்த அம்மா சிரித்துவிட்டார்.